ஒத்த உழைப்பிற்கு ஒத்த ஊதியம்
(பார்பரா காசில் அம்மையார் வரலாறு)

தொழில் ஒன்று, அதனைச் செய்வார் இருவர், ஒருவர் ஆடவர், மற்றவர் பெண்டிர். அவ்விருவர்க்கும் கூலி வேறு வேறாக அளக்கப்படுமேல் அஃது அறமாகுமோ? இவ்வினாவிற்கு, ஆகாது என்று விடை கூறாதார் உலகில் அரியர். ஆயினும் விடை கூறுதல் வேறு, அவ்விடையைச் சட்டமாக்கி நாட்டில் நடத்திக் காட்டுதல் வேறு. அங்ஙனம் நடத்திக் காட்ட முயன்றவருள் தலைசிறந்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பார்பரா காசில் என்னும் அம்மையார். 1910-ஆம் ஆண்டில் பிறந்து 2002-ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமாட்டியின் வரலாற்றை நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இதனை வரையலானேன்.

வேற்று நாட்டு அரசியலார் ஒருவர் வரலாறு நம் குலத்தார் இதழுக்கு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. நாம் தறியோடு பிறந்து தறியோடு வாழ்ந்த மரபினர். அவ்வம்மையாரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்லிமெண்டிற்கு அனுப்பிய ஊரோ லங்காஷயர் நாட்டுப் பிளாக்பர்ன் என்னும் நெசவூர். நூற்கும் பொறியைக் கண்ட ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்பார் அதன் அண்மையிலேயே வாழ்ந்தவர். அவ்வூர் ஆலைகள் நெய்த வேட்டிகள் கப்பல் கப்பலாக நம் நாட்டிற்கு வந்திறங்கின. நம் முன்னோர் தறிகள் பல ஓசையடங்கிக் கிடந்தமைக்கு அவ்வாலைகளும் ஒரு காரணம். ஆயினும், 1931-ஆம் ஆண்டில் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்றபோது, வேலையிழந்து நின்ற அந்நாட்டு நெசவாளரே அவரை அன்புடன் வரவேற்றனர் என்பதனை நாம் மறத்தலாகாது. தறியில் இருப்பவன் எந்நாட்டினனாயினும் அவன் துன்பம் ஒன்றே.

பிறப்பும் கல்வியும்

டெர்பிஷயரைச் சார்ந்த செஸ்டர்பீல்டு என்னும் ஊரில் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் பிராங்கு பெட்ஸ் வருமான வரித் துறையில் அலுவல் பார்த்தவர். பொதுவுடைமைக் கருத்துக்களில் ஊன்றியவர். தொழிலாளர் இயக்கச் செய்தித்தாள் ஒன்றை நடத்தியவர். தாயார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்குக் கஞ்சி காய்ச்சி வார்த்தவர். உண்டி வறியார்க்கு ஈயும் கை ஒருபுறமும், எழுதுகோல் பிடித்த கை மற்றொருபுறமுமாக வளர்ந்த பிள்ளை பின்னாளில் எவ்வாறு விளங்கும் என்பதனை நாம் சொல்லவும் வேண்டுமோ?

பிராட்போர்டு நகரில் பள்ளிக் கல்வி முடித்து, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தின் மகளிர் கல்லூரியாகிய செயிண்டு ஹியூஸில் பயின்றார். தேர்வில் அவர் பெற்றது மூன்றாம் வகுப்பே. இதனை யாம் ஈண்டு எடுத்துக் கூறுதல் மாணாக்கர் பொருட்டு. தேர்வின் வகுப்பு ஒருவர் வாழ்வின் வகுப்பை வரையறுத்து விடுவதில்லை. 1937-இல் இலண்டன் செயிண்டு பாங்கிரஸ் நகர மன்றத்தில் உறுப்பினரானார். போர்க்காலத்தில் உணவுத் துறையில் பணி செய்தார். குண்டு மழை பொழிந்த இரவுகளில் காவற்றொண்டும் புரிந்தார். செய்தித்தாளுக்குக் கட்டுரைகளும் எழுதினார். 1944-இல் எட்வர்டு காசில் என்னும் பத்திரிகையாளரை மணந்தார்.

நெசவூரின் உறுப்பினர்

1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிளாக்பர்ன் தொகுதிக்குத் தொழிற் கட்சியின் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தது. பட்டியலில் இருந்த பெயர்கள் யாவும் ஆடவர் பெயர்களே. அதனைக் கண்ட அவ்வூர்க் கட்சி மகளிர், பட்டியலில் பெண் ஒருவர் பெயரும் சேர்க்கப்படாவிடின் யாம் கட்சிப் பணியை விடுத்து நீங்குவேம் என்று கூறிவிட்டனர். அதன் பின்னரே பார்பரா அம்மையார் பெயர் சேர்ந்தது. சேர்ந்த பெயரே தெரிவு செய்யவும் பட்டது. உரிமை ஒருவர் தர வருவதன்று, கேட்டுப் பெறுவது என்பதற்கு இஃதொரு சான்று.

அம்மையார் அவ்வூருக்குப் புதியவர். ஆகலின் அவர் ஒன்று செய்தார். அவ்வூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, நூற்றலும் நெய்தலும் எவ்வாறு நடைபெறுகின்றன என்று கற்றுக்கொண்டார். மேடையில் ஏறி நெசவாளர்க்கு நெசவைப் பற்றிப் பேசுமுன் நெசவை அறிதல் வேண்டும் என்று கருதிய வேட்பாளர் எத்துணைப் பேர் உளர்! அத்தேர்தலில் வெற்றியுற்ற 24 மகளிருள் வயதில் இளையவர் அவரே.

அவ்வூர் நெசவாலைகளில் கூலி அளக்கப்பட்ட முறை நாம் அறிதற்குரியது. 1853-ஆம் ஆண்டிலேயே ஆலை முதலாளிகளும் நெசவாளர் சங்கத்தாரும் கூடி, இன்ன துணிக்கு இன்ன கூலி என்று ஒரு பட்டியல் வகுத்தனர். அது பிளாக்பர்ன் பட்டியல் என்று பெயர் பெற்றது. துணிக்குத்தான் கூலி, நெய்தவர் ஆணோ பெண்ணோ என்னும் வினா அப்பட்டியலில் இல்லை. இங்கிலாந்தின் பிற தொழில்களில் பெண்டிர் பாதிக் கூலிக்கு உழைத்த காலத்தில், லங்காஷயர் நெசவுப் பெண்டிர் ஆடவர்க்கு ஒத்த வீதத்தில் கூலி பெற்றனர். எனினும் ஒரு குறை இருந்தது. தறிகளைச் செப்பஞ் செய்து மேற்பார்க்கும் உயர்ந்த பணி ஏறக்குறைய முழுவதும் ஆடவர் கையிலேயே இருந்தது. கூலி வீதம் ஒத்திருப்பினும் பணியின் வாயில் ஒருவர்க்குத் திறந்தும் ஒருவர்க்கு அடைத்தும் இருந்தமையால் ஒப்புமை நிறைவுறவில்லை. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பரை வேண்டுகின்றேன். வரலாற்றின் இறுதியில் இதுவே வேறு வடிவில் மீண்டும் வரும்.

பார்லிமெண்டிற் புகுந்த அம்மையார், 1942-இல் நம் நாட்டிற்குத் தூது வந்த ஸ்டாபோர்டு கிரிப்ஸ் துரையின் பார்லிமெண்டுச் செயலராகத் தொடங்கினார். 1964-இல் ஹாரல்டு வில்சன் அமைச்சரவையில் வெளிநாட்டு வளர்ச்சித் துறை அமைச்சரானார். இங்கிலாந்தின் வரலாற்றில் அமைச்சரவையில் இடம் பெற்ற நான்காவது பெண்மணி அவர். அடுத்துப் போக்குவரத்துத் துறையை ஏற்றார். தாம் வண்டி ஓட்டத் தெரியாதவராக இருந்தும், குடித்து வண்டி ஓட்டுவாரை மூச்சுக் கருவியாற் கண்டுபிடிக்கும் முறையை 1967-இல் கொணர்ந்து பல உயிர்களைக் காத்தார். 1968 ஏப்ரலில் தொழில், உற்பத்தித் துறையின் அமைச்சரானார். அவர் பெயர் நிலைபெறுதற்குரிய காலம் அப்போதே தொடங்கிற்று.

எண்பதாண்டுக் கோரிக்கை

ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வேண்டும் என்னும் தீர்மானத்தை இங்கிலாந்தின் தொழிற்சங்க மாநாடு 1888-ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றியது. நிறைவேற்றியபின் என்ன நிகழ்ந்தது? ஆண்டுகள் நிகழ்ந்தன. 1944-இல், ஆசிரியைகட்கும் ஆசிரியர்க்கும் ஒத்த சம்பளம் வேண்டும் என்னும் திருத்தம் பார்லிமெண்டில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் வெற்றி பெற்றது. பிரதமராகிய சர்ச்சில் அதனைத் தம் அரசின் மீது நம்பிக்கை கோரும் வினாவாக ஆக்கி, மறு வாக்கெடுப்பில் அத்திருத்தத்தை வீழ்த்தினார். போர் நடுவே அரசு கவிழ்தலை விரும்பாத உறுப்பினர் பலர், தாம் முன்னர்க் கட்டிய வீட்டைத் தாமே இடிக்க நேர்ந்தது. ஆசிரியத் தொழிலில் இருப்பவனாகலின் இச்செய்தியைப் படிக்குந்தோறும் என் உள்ளம் வருந்தும். அந்நாட்டு ஆசிரியைகளும் அரசு அலுவலகப் பெண்டிரும் ஒத்த சம்பளத்தைப் படிப்படியாகப் பெற்று முடித்தது 1961-ஆம் ஆண்டில். ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்த பெண்டிர்க்கோ அப்போதும் ஒன்றும் இல்லை.

தையற் பெண்டிர் 187 பேர்

இலண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாம் என்னுமிடத்தில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே மோட்டார் வண்டிகளின் இருக்கை உறைகளைத் தைப்பதற்குப் பெண்டிர் 187 பேர் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் தையலில் தேர்ச்சி காட்டிய பின்னரே வேலையில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். வேலைகளை மதிப்பிட்டுத் தரம் பிரித்த நிருவாகத்தார், அத்தையல் வேலையைத் திறன் மிக்க 'சி' தரத்தில் வையாது, திறன் குறைந்த 'பி' தரத்தில் வைத்தனர். அது மட்டுமோ? அந்தப் 'பி' தரத்து ஆடவர் பெறும் கூலியிலும் நூற்றுக்கு 85 பங்கே அப்பெண்டிர்க்குத் தரப்பட்டது. ஒருமுறை தரத்தாலும், மறுமுறை பெண் என்பதனாலும் அவர்கள் இருமுறை தாழ்த்தப்பட்டனர்.

இதன் உட்பொருளை ஆராய்வாம். அளந்து வெட்டிய துணியைக் கோணாமல் விரைவாகத் தைத்து முடித்தல் எளிய செயலன்று. அத்தொழிலை ஆடவர் செய்திருப்பின் அதற்குக் கைத்திறன் என்று பெயர் வைத்திருப்பர். பெண் செய்யின், அஃது அவளுக்கு இயல்பாகவே அமைந்தது, தாயிடம் கற்றது, அதற்கு விலை ஏது என்பர். பெண்ணின் திறனை இயல்பு என்று சொல்லி விலையைக் குறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கு.

1968 ஜூன் 7-ஆம் நாள் அப்பெண்டிர் வேலை நிறுத்தம் செய்தனர். இருக்கையில்லாத வண்டியை எவர் வாங்குவர்? சில கிழமைகளில் தொழிற்சாலை முழுவதும் செயலற்று நின்றது. திறன் குறைந்தது என்று ஒதுக்கிய வேலை இல்லாமல் திறன் மிகுந்த வேலைகள் யாவும் நடைபெறாமற் போயின என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஜூன் 28-ஆம் நாள் அமைச்சராகிய பார்பரா அம்மையார் அப்பெண்டிருள் எண்மரைத் தம் அலுவலகத்திற்கு அழைத்துத் தேநீர் அளித்து அவர்கள் குறையை நேரிற் கேட்டார். முடிவில் 'பி' தரத்து ஆடவர் கூலியில் நூற்றுக்கு 92 பங்கு தரப்படும் என்னும் உடன்பாடு ஏற்பட்டது. பெண்டிர் பணிக்குத் திரும்பினர். கூலி உயர்ந்தது. ஆயின் அவர்கள் முதன்மையாகக் கேட்ட 'சி' தரமோ கிடைக்கவில்லை.

தோல்வியும் வெற்றியும்

ஒருவர் வரலாற்றை எழுதுங்கால் வெற்றியை மட்டும் விரித்துத் தோல்வியை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. 1969 ஜனவரியில் அம்மையார் 'பூசலுக்கு மாற்றாக' என்னும் பொருள்படும் பெயரோடு ஓர் அரசாங்க அறிக்கையை வெளியிட்டார். சங்கத்தின் ஒப்புதலின்றித் திடீரென்று எழும் வேலை நிறுத்தங்களை 28 நாள் ஒத்திவைக்குமாறு கட்டளையிடவும், பெரிய வேலை நிறுத்தங்கட்கு முன் தொழிலாளரிடம் வாக்கெடுக்குமாறு பணிக்கவும் அமைச்சர்க்கு அதிகாரம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். தொழிற்சங்கங்கள் வெகுண்டெழுந்தன. அமைச்சரவையிலேயே ஜேம்ஸ் காலகன் வெளிப்படையாக எதிர்த்தார். ஜூன் மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தொழிலாளர் குடும்பத்து உள்ளத்தோடு வளர்ந்த அம்மையாரைத் தொழிற்சங்கத் தலைவர் பலர் பகைவராகக் கருதிய காலம் அது. அவர் நோக்கம் நன்றே என்பாரும், சங்கங்களைக் கலந்து அவர்கள் உள்ளத்தை முதலில் இசைவித்திருத்தல் வேண்டும் என்பாரும் இன்றும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு.

அத்தோல்வியால் அவர் ஓய்ந்தாரல்லர். 1969 மே மாதத்தில் பெண் தொழிலாளர் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் திரண்டு ஒத்த ஊதியம் கோரினர். அக்கோரிக்கைக்குச் சட்ட வடிவம் கொடுக்க அம்மையார் முனைந்தார். 1970 மே 29-ஆம் நாள் ஒத்த ஊதியச் சட்டம் அரசியின் இசைவு பெற்றது. அடுத்த மாதத் தேர்தலில் தொழிற் கட்சி தோற்றுப் பதவி இழந்தது. சில நாள் தாழ்ந்திருப்பின் அம்மசோதாவின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அச்சமாக இருக்கின்றது. காலம் அறிந்து செய்த வினை என்பது இதுவே.

அச்சட்டம் கூறுவது இது: ஆடவரும் பெண்டிரும் ஒத்த தன்மைத்தான வேலை செய்யினும், வேலை மதிப்பீட்டில் ஒரே தரத்தில் வைக்கப்பட்ட வேலை செய்யினும், இருவர்க்கும் ஊதியமும் பிற நிபந்தனைகளும் ஒத்திருத்தல் வேண்டும். முதலாளிகள் தம்மை ஒழுங்கு செய்துகொள்ள ஐந்தாண்டுக் காலம் கொடுக்கப்பட்டு, 1975 டிசம்பர் 29-ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு எடுத்தலிலும் உயர்த்துதலிலும் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கும் மற்றொரு சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இவ்விரண்டும் சமத்துவச் சட்டம் என்னும் ஒரே சட்டத்துள் அடங்கின.

தாயின் கைக்கு

1974-இல் தொழிற் கட்சி மீண்டும் அரசேற்றபோது அம்மையார் சமூக சேவைத் துறை அமைச்சரானார். அக்காலத்தில் பிள்ளைகட்காக அரசு அளித்த நன்மை இரு வழியிற் சென்றது. ஒன்று, இரண்டாம் பிள்ளை முதலாகத் தாய்க்குத் தரப்பட்ட குடும்பப் படி. மற்றொன்று, தந்தையின் வருமான வரியிற் கழிக்கப்பட்ட தொகை. தந்தையின் சட்டைப் பையிற் சேர்ந்த பணம் பிள்ளையின் பாற்கிண்ணத்தை அடையும் என்பதற்கு உறுதி யாது? ஆகவே 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரண்டையும் ஒன்றாக்கி, முதற் பிள்ளை தொடங்கி எல்லாப் பிள்ளைகட்கும் ஒரு தொகை தாயின் கையிலேயே தரப்படுமாறு வகை செய்தார். அவ்வாண்டிலேயே, பிள்ளை வளர்ப்பிலும் நோயாளரைப் பேணுதலிலும் வேலையை விட்டிருந்த ஆண்டுகளால் பெண்ணின் முதுமை ஓய்வூதியம் குறையாதபடி காக்கும் முறையையும் ஓய்வூதியச் சட்டத்தில் அமைத்தார். இல்லத்தில் செய்த உழைப்பும் உழைப்பே என்று அரசாங்கத்தின் ஏட்டில் எழுதியவாறு அது.

1976-இல் காலகன் பிரதமரானார். அமைச்சரவையின் வயதைக் குறைத்தல் வேண்டும் என்று கூறி 65 வயதினராகிய அம்மையாரைப் பதவி நீக்கினார். அவர்க்கோ அப்போது வயது 64! பிள்ளைகட்குரிய தொகையைத் தள்ளிப்போட அவ்வரசு முயன்றபோது, பதவியற்ற அம்மையார் உறுப்பினர் இருக்கையில் இருந்தே போராடினார். 1977-இல் அத்தொகை தரத் தொடங்கப்பட்டு 1979-இல் முழுமையுற்றது. பின்னர்ப் பத்தாண்டுகள் ஐரோப்பியப் பார்லிமெண்டிலும், 1990 முதல் பிரபுக்கள் சபையிலும் இருந்து, முதியோர் ஓய்வூதியத்திற்காக வாதாடினார். 2002 மே 3-ஆம் நாள் தம் 91-ஆம் வயதில் இயற்கை எய்தினார். 2021-இல் பிளாக்பர்ன் மக்கள் தம் நகரின் நடுவே அவர்க்குச் சிலை நாட்டினர்.

எஞ்சிய குறை

ஒத்த வேலை என்று சட்டம் சொல்லிற்று. ஆடவர் எவரும் செய்யாத, பெண்டிர் மட்டுமே செய்கின்ற வேலையாயின் எதனோடு ஒப்பிடுவது? ஐந்தாண்டு இடைவெளியில் முதலாளிகள் சிலர் ஆடவர் வேலையையும் பெண்டிர் வேலையையும் வேறு வேறாகப் பிரித்து வைத்துச் சட்டத்தின் பிடியினின்றும் நழுவினர். வேலை வேறாயினும் மதிப்பு ஒத்ததாயின் ஊதியமும் ஒத்ததாதல் வேண்டும் என்னும் விதி, ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பிற்குப் பின்னர் 1984-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. டாகன்ஹாம் தையற் பெண்டிரும் அவ்வாண்டில் மீண்டும் வேலை நிறுத்தம் செய்த பின்னரே, தம் தொழில் திறன் மிக்கது என்னும் தர ஒப்புதலைப் பெற்றனர். 1968-இல் கேட்டது பதினாறு ஆண்டுகள் கழிந்து கிடைத்தது. பிளாக்பர்ன் பட்டியலில் நாம் கண்ட குறையும் இதுவேயன்றோ? வீதத்தைச் சமன் செய்தல் பாதி. வேலையின் மதிப்பைச் சமன் செய்தல் மறு பாதி. முதற் பாதியைச் சட்டமாக்கியது அம்மையாரின் அரும்பணி. மறு பாதி மக்களின் கண்ணோட்டத்தைப் பொறுத்தது.

நமக்குரிய கடமை

நம் நாடும் இத்துறையிற் பின்தங்கியதன்று. ஒத்த மதிப்புள்ள வேலைக்கு ஒத்த ஊதியம் என்று 1951-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த உடன்படிக்கையை இந்தியா 1958-இலேயே ஏற்றது. இங்கிலாந்து ஏற்றதோ 1971-இல். 1976-இல் நம் நாட்டில் சம ஊதியச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் கருத்து 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டது. ஆயின் சட்டம் ஆலை வாயில் வரையிற் செல்லும். வீட்டு நடைக்குள் நுழையாது. நம் தறிகளோ வீட்டினுள் இருப்பவை.

என் தந்தையார் தறியில் இருந்தார். என் அன்னையார் விடியுமுன் எழுந்து இராட்டை முன் அமர்ந்து தார் சுற்றுவார். பாவுக்குக் கஞ்சியிடும் நாளில் தெருவில் அவரும் நிற்பார். அறுந்த இழைகளைப் பிணைப்பவரும் அவரே. கிழமை முடிவில் சேலையைக் கொண்டு கொடுத்துக் கூலி வாங்கி வருங்கால் கணக்கில் ஒரு பெயரே எழுதப்பட்டிருக்கும். அது தந்தையார் பெயர். அதில் எவர் மீதும் குறை கூறுகின்றேனல்லேன். அன்னையாரும் அதனைக் குறையாகக் கருதியதில்லை. தார் இன்றித் தறி ஓடாது என்பதனை நான் உணர்ந்ததே டாகன்ஹாம் பெண்டிரின் வரலாற்றைப் படித்த பின்னர்த்தான். 2019-20 ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70 பேர்க்கு மேற்பட்டோர் பெண்டிர். தொழிலைத் தாங்குவோர் அவர். பெயர் பெறுவோர் நாம்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யான் பணிவுடன் விண்ணப்பிப்பது இதுவே. தறி வைத்து நடத்துவோர், தார் சுற்றுதற்கும் இழை பிணைத்தற்கும் இன்ன கூலி என்று தனியே வகுத்து, அதனைச் செய்தவர் பெயரிலேயே கணக்கெழுதி, அவர் கையிலேயே கொடுப்பாராக. வீட்டுத் தறியாயினும் கூலியில் ஒரு பங்கு இல்லாள் பெயரில் சேமிப்பாகச் சேர்வதாக. சங்கத்தின் ஏட்டில் நெசவாளர் என்று எழுதும் இடத்தில் அப்பெண்மணியின் பெயரும் எழுதப்படுவதாக. இவற்றிற்குச் சட்டசபை கூட வேண்டுவதில்லை. ஓர் ஏடும், எழுதுகோலும், நேரிய உள்ளமும் போதும்.

நெசவூர்ப் பெண்டிர் கேட்டதனால் ஒரு பெண்மணி பார்லிமெண்டு புகுந்தார். அவர் புகுந்ததனால் ஒரு நாட்டின் சட்டம் மாறியது. நம் வீட்டுப் பெண்டிர் கேட்குமுன்னரே நாம் கொடுப்போமாயின் அது நம் குலத்திற்குப் பெருமையாகும். தறி வாழ்க! தார் சுற்றும் கை வாழ்க!